ஹோவர்டு பல்கலைக்கழகக் கால்பந்துக் குழுவும் பயிற்றுநர் லிங்கன் பிலிப்சும்

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடப்பெறும் கால்பந்தைப் பற்றி ஒரு கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். படிப்பைப் பற்றிப் பேச வேண்டிய ஏட்டில் பந்தைப் பற்றிப் பேசுவானேன் என்று நம் மூத்த உறுப்பினர்கள் வினவவும் கூடும். ஆயினும் இங்கு நாம் கூறப்போவது பல்கலைக்கழகம் ஒன்றின் வரலாறு. சேர்க்கைப் பதிவேட்டின் வரலாறு. விதிகளை எழுதுவோர் யார், அவ்விதிகளுக்கு உட்படுவோர் யார் என்னும் வினாவின் வரலாறு. ஆகவே இம்மலரில் இதற்கு ஓர் இடம் உண்டென்றே கருதுகிறோம்.

முதலில் பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தபின், விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் கல்வியை முதன்மையாகக் கருதி 1867-ஆம் ஆண்டு தலைநகர் வாஷிங்டனில் நிறுவப்பெற்றது ஹோவர்டு பல்கலைக்கழகம். போரில் ஒரு கையை இழந்த படைத்தலைவர் ஆலிவர் ஓட்டிஸ் ஹோவர்டு என்பாரின் பெயர் அதற்கு இடப்பட்டது. வெள்ளையர் கல்லூரிகளின் வாயில்கள் அடைபட்டிருந்த நெடுங்காலத்தில் மருத்துவரையும் வழக்கறிஞரையும் ஆசிரியரையும் கறுப்பின மக்களுக்கு ஆக்கித் தந்த கல்விக்கூடங்களுள் அது தலையாயது. பள்ளிகளில் நிறப்பிரிவினை சட்டத்திற்கு மாறானது என்ற 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பெற்றுத் தந்த வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் அங்கே சட்டம் பயின்று 1933-இல் பட்டம் பெற்றவர்.

அப்பல்கலைக்கழகத்திற்கும் நம் நாட்டிற்கும் ஒரு தொடர்பு உண்டு. அதைக் கூறாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. அங்குச் சமயக் கல்லூரியின் தலைவராக இருந்த பெஞ்சமின் மேஸ் 1936-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவிற்கு வந்தார். அடிமைகளாகப் பிறந்த பெற்றோரின் மகன் அவர். மைசூரில் நடந்த மாநாடு ஒன்றிற்கு வந்திருந்தவரைத் தீண்டப்படாதோர் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர் தம் மாணவர்முன் பேச அழைத்தார். அமெரிக்காவில் உயர்நிலை எய்திய ஒரு தீண்டப்படாதவர் என்றே அத்தலைமையாசிரியர் அவரை அறிமுகம் செய்தார். கேட்டவுடன் மேஸ் திகைத்தார், சினமும் கொண்டார். பின்னர் எண்ணிப் பார்த்து, சொன்னது உண்மையே எனத் தேறினார். தம் தன்வரலாற்றில் அவரே இதனை எழுதியுள்ளார். மார்ட்டின் லூதர் கிங்கிற்கு ஆசானாக விளங்கியவரும் இவரே. பெயர் அறியப்படாத அந்தத் தலைமையாசிரியரை, அதே பணியில் இருக்கும் நாம் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு.

இனி ஆட்டத்திற்கு வருவோம். அமெரிக்கர் தம் நாட்டில் 'புட்பால்' என வழங்குவது பந்தைக் கையிற் பற்றி ஓடி மோதும் ஆட்டம். நாம் அறிந்த கால்பந்தை அவர்கள் 'சாக்கர்' என்பர். அங்கே அது நெடுநாள் இரண்டாந்தர ஆட்டமாகவே இருந்தது. ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர் மிகுந்த சில நகரங்களில் மட்டும் அது வேரூன்றியிருந்தது. அவற்றுள் செயின்ட் லூயிஸ் நகரம் முதன்மையானது. அந்நகரத்துக் கத்தோலிக்கப் பங்குகளில் சிறுவயது முதல் ஆடிப் பழகிய பிள்ளைகளைக் கொண்டே செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 1959 முதல் 1973 வரை பத்து முறை தேசியப் பட்டம் வென்றது. அதன் பயிற்றுநர் ஹாரி கியோ 1950-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் இங்கிலாந்தை வீழ்த்திய அமெரிக்கக் குழுவில் ஆடியவர். அஞ்சல் துறையில் பணியாற்றிய எளிய மனிதர். அவரைக் குறைத்துப் பேச நமக்கு எக்காரணமும் இல்லை.

கல்லூரி விளையாட்டுகளையெல்லாம் ஆளுவது என்.சி.ஏ.ஏ. எனச் சுருங்க வழங்கும் தேசிய விளையாட்டுச் சங்கம். அது நடத்திய முதல்நிலைப் போட்டிகள் எதிலும், எந்த ஆட்டத்திலும், கறுப்பினத்தார்க்கென அமைந்த கல்லூரி எதுவும் 1971 வரை பட்டம் வென்றதில்லை. வேறொரு சங்கம் நடத்திய போட்டியில் ஹோவர்டு 1961-இல் கால்பந்துப் பட்டம் வென்றிருந்தது. ஆயினும் பெரிய மேடை என்.சி.ஏ.ஏ. மேடையே.

இந்நிலையில் 1970-ஆம் ஆண்டு ஹோவர்டின் பயிற்றுநராக வந்தவர் லிங்கன் பிலிப்ஸ். 1941-இல் டிரினிடாட் தீவில் பிறந்தவர். அந்நாட்டுக் குழுவின் கோல் காவலர். 1968-இல் பால்டிமோர் நகரத்துத் தொழில்முறைக் குழுவில் ஆட அமெரிக்கா வந்தார். பின்னர் வாஷிங்டன் டார்ட்ஸ் என்னும் குழுவில் ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் விளங்கினார். ஹோவர்டில் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது முப்பது நிரம்பவில்லை.

அங்கு அவர் கண்ட மாணவர் கூட்டம் தனித்தன்மையுடையது. கரீபியத் தீவுகளிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் படிக்க வந்திருந்த இளைஞர் பலர் அப்பல்கலைக்கழகத்தில் இருந்தனர். வெள்ளையர் ஆட்சியிலிருந்து அண்மையில் விடுதலை பெற்ற நாடுகள் அவை. தெருவிலும் கடற்கரையிலும் ஆடிப் பழகிய அவர்தம் கால்களில் ஆட்டம் ஊறியிருந்தது. ஆனால் ஒவ்வொரு தீவினரும் ஒவ்வொரு வகையாக ஆடினர். அவர்களை ஒரு குழுவாக்கியதே பிலிப்சின் முதல் வெற்றி எனலாம். டிரினிடாட்டைச் சேர்ந்த கீத் அக்வி, ஆல்வின் ஹெண்டர்சன் என்னும் இரு முன்வரிசை ஆட்டக்காரர்களின் பெயர்கள் அக்காலத்துச் செய்தித்தாள்களில் அடிக்கடி இடம்பெற்றன. வந்த முதலாண்டிலேயே குழு தேசிய அரையிறுதி வரை சென்று, லாஸ் ஏஞ்சல்சிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திடம் தோற்றது.

மறு ஆண்டு, 1971 டிசம்பர் இறுதியில், மயாமி நகரின் ஆரஞ்சு பவுல் அரங்கில் நடந்த போட்டியில் அரையிறுதியில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை வென்றது ஹோவர்டு. (ஒலியில் நெருங்கிய பெயர்கள், நிலையில் நெருங்காதவை. ஒன்று செல்வர்தம் பழம்பெரும் கல்விக்கூடம், மற்றொன்று அடிமைகளின் பிள்ளைகளுக்கு எழுந்தது.) இறுதியாட்டத்தில் எதிர்நின்றது செயின்ட் லூயிஸ். 3-2 என்ற கணக்கில் ஹோவர்டு வென்றது. கறுப்பினக் கல்லூரி ஒன்றுக்கு அவ்வுயர்மேடையில் கிடைத்த முதல் பட்டம் அதுவே.

மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. ஹோவர்டு ஆட்டக்காரர் சிலரின் தகுதி பற்றிக் கேள்விகள் எழுந்தன. விளையாட்டுச் சங்கம் விசாரணை நடத்தியது. 1972-ஆம் ஆண்டு மீண்டும் அரையிறுதி வரை வந்த குழு செயின்ட் லூயிசிடம் தோற்றது. 1973-இல் தீர்ப்பு வந்தது. 1971-ஆம் ஆண்டுப் பட்டம் பறிக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டு பெற்ற இடமும் நீக்கப்பட்டது. 1973-ஆம் ஆண்டுத் தேசியப் போட்டியில் ஆடத் தடையும் விதிக்கப்பட்டது.

குற்றச்சாட்டுகள் எவை என்பதை இளைஞர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். ஆட்டத்தில் முறைகேடு செய்தனர் என்பதன்று. தகுதி விதிகள் சிலவற்றை மீறினர் என்பதே. ஒரு விதி, கல்லூரியில் முதலிற் சேர்ந்த நாள் தொட்டு ஐந்தாண்டுக்குள் ஒருவர் தம் ஆட்டக்காலத்தை முடித்துவிட வேண்டும் என்றது. மற்றொன்று, நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் பள்ளி மதிப்பெண்ணையும் கொண்டு கணித்துப் பார்க்கையில், கல்லூரியில் நான்குக்கு 1.600 புள்ளியேனும் பெறுவார் எனத் தோன்றுபவரே ஆடலாம் என்றது. அமெரிக்கப் பள்ளி மாணவர்க்கென வகுத்த அத்தேர்வை டிரினிடாட்டிலோ நைஜீரியாவிலோ படித்த ஒருவர் எழுதியிராமல் இருப்பது இயல்பே. பறித்த ஆண்டிலேயே அந்த 1.600 விதியைச் சங்கம் தானே கைவிட்டது என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

மூன்றாவது விதியே நம் சிந்தனைக்குரியது. அயல்நாட்டு மாணவர் ஒருவர் பத்தொன்பது வயது நிரம்பியபின் தம் நாட்டில் ஏதேனும் அமைப்பு முறையான ஆட்டத்தில் கலந்துகொண்டிருந்தால், அவ்வாறு கலந்துகொண்ட ஒவ்வோராண்டும் அவருடைய கல்லூரி ஆட்டக்காலத்தில் ஓராண்டாகக் கழிக்கப்படும். அமெரிக்க மாணவர் ஒருவர் கல்லூரிக்கு வருமுன் தம் ஊர்க் கழகத்தில் எத்தனை ஆண்டு ஆடியிருந்தாலும் கழிவில்லை. ஊதியமின்றி ஆடுவது இரண்டிலும் ஒன்றே; ஆடிய மண்ணே வேறு. பிறந்த நாட்டில் பந்தைத் தொட்டதற்கு ஒருவன் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

வயதுக் கணக்கு எத்தகையது என்பது பள்ளிகளில் பணியாற்றும் எம்போன்றோர்க்கு நன்கு தெரியும். வட்டார, மாவட்டப் போட்டிகளுக்குச் செல்லும் மாணவரின் பிறந்த தேதிக்குச் சான்றளித்து ஒப்பமிடுவது தலைமையாசிரியர் கடமை. கையைத் தலைக்குமேல் வளைத்து மறுபக்கக் காதைத் தொடச் செய்து வயதைக் கணித்து, ஜூன் மாதத்தில் ஒரு நாளை எழுதிச் சேர்த்துக்கொண்ட காலம் ஒன்று நம் ஊர்களில் இருந்தது. நம் தலைமுறையினர் பலரின் பிறந்தநாள் அவ்வாறு பிறந்ததே. பதிவேட்டில் எழுதியதை ஒருவன் வாழ்நாள் முழுதும் சுமக்கிறான்.

ஹோவர்டு பல்கலைக்கழகம் வாளாவிருக்கவில்லை, வழக்குத் தொடுத்தது. சட்டக் கல்லூரியால் பெயர் பெற்ற நிறுவனமன்றோ! 1973-இன் இறுதியில் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அயல்நாட்டு மாணவர் விதி அரசியலமைப்பு வழங்கும் சமவுரிமைக்கு மாறானது, செல்லாது என்றது. ஐந்தாண்டு விதியும் 1.600 விதியும் செல்லும் என்றது. விசாரணை முறையிலும் குறையில்லை என்றது. 1975-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதனையே உறுதி செய்தது. ஆக, கொடிய விதி ஒழிந்தது. பறிபோன பட்டம் திரும்பவில்லை.

இது முற்றும் நிறவெறியால் நிகழ்ந்ததுதானா? அவ்வாறே நம்பினோர் பலர். நடுவுநிலையோடு கூறின், மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் 1978-இல் வென்ற கால்பந்துப் பட்டமும் தகுதியற்ற ஆட்டக்காரரை ஆட்டியதற்காகப் பின்னர் நீக்கப்பட்டது. எனவே தண்டனை ஹோவர்டுக்கு மட்டுமே உரியதாக இருக்கவில்லை. ஆனால் வரலாற்றில் முதன்முறை வென்ற ஒரு சமூகத்தின் பட்டம் பறிபோவதும், பலமுறை வென்ற ஒரு நிறுவனம் ஒன்றை இழப்பதும் ஒரே இழப்பாகா. சான்பிரான்சிஸ்கோவிற்கு 1966, 1975, 1976 ஆண்டுகளின் பட்டங்கள் எஞ்சின. ஹோவர்டிடம் அன்று எஞ்சியது ஒன்றுமில்லை.

பிலிப்ஸ் செய்தது என்ன? தடைக்காலத்தில் குழு கலைந்துவிடாமல் காத்தார். மார்ட்டின் லூதர் கிங் தம் உரைகளில் எடுத்தாண்டு வந்த ஒரு பழங்கவிதையின் அடியைத் தம் குழுவிற்கு மந்திரமாக்கினார். மண்ணில் மிதிபட்ட உண்மை மீண்டெழும் என்பது அதன் கருத்து. 1974-ஆம் ஆண்டு தடை நீங்கியது. அவ்வாண்டு ஹோவர்டு எவரிடமும் தோற்கவில்லை. எவருடனும் சமன் செய்யவும் இல்லை. அடித்த கோல்கள் 63, வாங்கியவை 6. அரையிறுதியில் ஹார்ட்விக் கல்லூரியை 2-1 என வென்று இறுதிக்கு வந்தபோது, எதிரில் மீண்டும் செயின்ட் லூயிஸ். ஆடுகளமும் செயின்ட் லூயிஸ் நகரத்தில்தான். எதிரியின் ஊர், எதிரியின் மக்கள், டிசம்பர்க் குளிர். வெயில் நாடுகளில் பிறந்த பிள்ளைகள்.

முதல் கோல் உள்ளூராருடையது. ஜமைக்காவைச் சேர்ந்த ரிச்சர்டு டேவி அதைச் சமன் செய்தார். வழக்கமான நேரம் முடிந்தது, முடிவில்லை. கூடுதல் நேரம் ஒன்று, இரண்டு, மூன்று என நீண்டது. இருபுறத்தும் கால்கள் சோர்ந்தன. நான்காம் கூடுதல் நேரத்தில் நைஜீரியரான கென்னத் இலோடிக்வி வெற்றிக் கோலை அடித்தார். ஜமைக்கர் சமன் செய்ய, நைஜீரியர் வெல்ல, டிரினிடாட் நாட்டவர் பயிற்றுவிக்க, கோப்பை அமெரிக்கக் கறுப்பின மக்களின் பல்கலைக்கழகத்திற்குச் சென்றது. இம்முறை அதைப் பறிக்க ஒரு விதியும் கிடைக்கவில்லை. தகுதிச் சான்றுகள் அனைத்தும் ஒழுங்காக இருந்தன. விதியை எதிர்த்து நீதிமன்றத்தில் வாதாடிக்கொண்டே, நிற்கும் விதிகளுக்கு ஒரு புள்ளியும் பிசகாமல் குழுவை ஆட்டினார் பிலிப்ஸ் என்பதே எமக்கு அவரிடம் மிகவும் பிடித்த செய்தி.

1980 வரை ஹோவர்டில் இருந்த அவர் 116 ஆட்டங்களில் வென்று, 19-இல் தோற்று, 11-இல் சமன் செய்தார். அத்தகைய கணக்குடையவரின் கீழ்ப் பழகியவர்கள் நாடெங்கும் பயிற்றுநர்களாகப் பரவியிருக்க வேண்டாமா எனத் தோன்றும். இங்கேதான் துணைப் பயிற்றுநர் என்னும் பதவியைப் பற்றிச் சொல்ல வேண்டியுள்ளது.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் தலைமைப் பயிற்றுநரின் பெயரே செய்தித்தாளில் வரும். அவருக்குக் கீழே உழைப்பவர் துணைப் பயிற்றுநர். ஊர் ஊராகச் சென்று பள்ளி ஆட்டங்களைப் பார்த்து நல்ல ஆட்டக்காரரைத் தேடிப் பிடிப்பது, எதிரணியின் ஆட்டத்தை முன்கூட்டியே கண்டு குறிப்பெடுப்பது, கோல் காவலரைத் தனியே பழக்குவது, மாணவர் வகுப்பில் தேறுகின்றனரா எனக் கவனிப்பது, பல இடங்களில் சிற்றுந்தை ஓட்டுவதும் சீருடையை எடுத்துவைப்பதும் கூட அவர் வேலையே. அந்தப் படியில் சில ஆண்டுகள் நின்றவரே பெரும்பாலும் தலைமைப் பதவிக்கு உயர்வர். விர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் அரீனா 1978 முதல் 1995 வரை பயிற்றுநராக இருந்து ஐந்து பட்டங்கள் ஈட்டினார். அவரிடம் 1980-களின் தொடக்கத்தில் துணைவராக இருந்த பாப் பிராட்லி பின்னர் பிரின்ஸ்டனுக்குத் தலைமைப் பயிற்றுநராகி, 2006 முதல் 2011 வரை நாட்டுக் குழுவிற்கே பயிற்றுநரானார். மற்றொரு துணைவர் ஜார்ஜ் கெல்னோவாட்ச் அரீனா சென்றபின் அவ்விடத்திற்கே தலைவராகி 2009, 2014 ஆண்டுகளில் பட்டம் வென்றார். ஒருவர் கையைப் பிடித்து ஒருவர் ஏறும் ஏணி இது. திறமையானவர்களே ஏறினர், மறுப்பதற்கில்லை. ஆனால் கைகொடுப்பவர் எவ்வட்டத்தில் இருக்கிறாரோ அவ்வட்டத்தார்க்கே முதலில் கை எட்டும்.

ஏணியின் கீழ்ப்படிக்கு விலையும் உண்டு. செலவைக் குறைப்பதற்கென விளையாட்டுச் சங்கம் 1991-இல் ஒரு விதி கொணர்ந்து, துணைப் பயிற்றுநருள் ஒரு வகையினர் ஆண்டுக்கு 16,000 டாலருக்கு மேல் பெறலாகாது என வரம்பிட்டது. கூடைப்பந்துத் துணைப் பயிற்றுநர்கள் வழக்கிட்டு 1995-இல் வென்றனர். 1998-இல் மேல்முறையீட்டிலும் வென்றனர். 1999-இல் 5 கோடியே 45 லட்சம் டாலர் தந்து சங்கம் உடன்பாடு செய்துகொண்டது. இதற்கும் கீழே ஒரு படி இருந்தது. தொண்டுமுறைத் துணைப் பயிற்றுநர் என்ற பெயரில் ஊதியமே இன்றி உழைக்கும் பதவி அது. கால்பந்துக் குழுவில் தலைவர் ஒருவர், ஊதியம் பெறும் துணைவர் இருவர், அவர்க்குக் கீழே ஊதியமற்றவர் ஒருவர் என்பது வழக்கமாயிருந்தது. ஊதியமின்றி ஓரிரண்டு ஆண்டு உழைத்து அனுபவம் சேர்க்க யாரால் இயலும்? வீட்டிலிருந்து பணம் வரக்கூடியவனால் இயலும். வீட்டிற்குப் பணம் அனுப்ப வேண்டியவனால் இயலாது. இப்பதவியை விளையாட்டுச் சங்கம் 2023 ஜூலை முதல் நாளோடு ஒழித்தது. நம் இளைஞருள் தனியார் நிறுவனங்களில் 'பயிற்சிக் காலம்' என்ற பெயரில் சம்பளமின்றி அமர்த்தப்படுவோர் இதைப் படித்துத் தம் நிலையோடு ஒப்பிட்டுக் கொள்ளலாம்.

பிலிப்ஸ் ஹோவர்டை விட்டபின் விர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்தில் பயிற்றுநராக இருந்தார். பின்னாளில் தம் பிறந்த நாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பின் தொழில்நுட்ப இயக்குநராகவும் பணியாற்றினார். 2014-இல் தம் வரலாற்றைத் தாமே நூலாக எழுதி வெளியிட்டார். ஹோவர்டு குழு 1988-இல் கீத் டக்கர் என்னும் பயிற்றுநரின் கீழ் மீண்டும் ஒருமுறை இறுதியாட்டத்தை எட்டி, இந்தியானாப் பல்கலைக்கழகத்திடம் 0-1 எனத் தோற்றது. 2016-இல் திரைப்பட இயக்குநர் ஸ்பைக் லீ முன்னின்ற ஆவணப்பட வரிசை ஒன்றில் 1971, 1974 ஆண்டுகளின் கதை படமாக வந்தபின்னரே அமெரிக்கர் பலர் இதை அறிந்தனர்.

என்.சி.ஏ.ஏ. வெளியிடும் பட்டியலில் 1971-ஆம் ஆண்டுக்கு நேரே எந்தக் கல்லூரியின் பெயரும் பட்டத்திற்கு உரியதாக எழுதப்படவில்லை. பட்டம் நீக்கப்பட்டது என்ற குறிப்பே உள்ளது. இரண்டாவது வந்த செயின்ட் லூயிசுக்கும் அது தரப்படவில்லை. மூன்று வரி தள்ளி 1974-க்கு நேரே ஹோவர்டின் பெயர் இருக்கிறது. ஆடியவை 19, வென்றவை 19.